பட்டு ஒட்டாத மருமகள்

திருப்பருத்திக்குன்றத்து அம்சாவின் உடம்பில் பட்டு நிற்காது. பருத்தி நிற்கும், நைலக்ஸ் நிற்கும், கோணிச் சாக்கைப் போர்த்தினாலும் நிற்கும். பட்டை மட்டும் எப்படி இறுக்கிக் கட்டினாலும் அது கொசுவம் கொசுவமாகத் தானே அவிழ்ந்து, தரையில் நெளிந்து, வாசற்படிவரை போய்ப் படுத்துக்கொள்ளும். தாமல் ஊர்க் கங்கையம்மாளுக்கு இது தெரியவந்தது எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில், தன் மகன் பழனிக்கு அம்சாவைப் பேசி வெற்றிலைபாக்கு மாற்றிய பிறகு.

அம்சா சிறு வயசிலிருந்தே நயினார் வீட்டு நிலத்துக்கு வேப்பங்கொட்டை இடித்தவள். நயினார் வீட்டார் சமணர்கள், பூச்சியானாலும் கொல்லமாட்டார்கள். அதற்காக நெல்லைப் பூச்சிக்குக் கொடுத்துவிடவும் மாட்டார்கள். ஆடியில் பொறுக்கிக் காயவைத்த கொட்டையை உடைத்து, பருப்பை இடித்து, துணியில் மூட்டை கட்டி ராத்திரி முழுக்க ஊறப்போடுவார்கள். பிழிந்தால் பால்போல இறங்கும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து வெயில் தாழப் பயிருக்குத் தெளிப்பார்கள். பூச்சிக்குத் தின்னப் பிடிக்காமல் போகும், கிளம்பிவிடும். இடித்து இடித்து அம்சாவின் உள்ளங்கை கசந்தது, பிறகு வியர்வை கசந்தது, வயசுக்கு வந்தபோது தெளிக்கிற வேலையே இல்லாமல் போனது. சாயங்காலம் அவள் வரப்பில் ஒரு சுற்று நடந்தால் இலைச்சுருட்டுப் புழுவரை இடத்தைக் காலி செய்தது. வீட்டில் அவள் சோற்றைக் கையால் தொடாமல் கரண்டியால் போடுவாள். அதற்குமேல் யாரும் இதைப் பேசிக்கொண்டதில்லை.

கங்கையம்மாள் ஏரிக்கரைக்கு மண் சுமந்து வளர்ந்தவள். அவள் கல்யாணத்துக்குக் காடாத் துணியை மஞ்சளில் நனைத்துக் கட்டினார்கள்; ஈரம் காய்வதற்குள் தாலி ஏறிவிட்டது. காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் பட்டு தொடாதவள், தன் வீட்டுக்கு வருகிறவளைப் பட்டில்தான் மணையில் உட்காரவைப்பதென்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். பெரிய காஞ்சிபுரத்தில் கலியாணசுந்தரத்தின் தறியில் அரக்குப் புடவை சொல்லி, நிறம் காட்டப் பெண்ணையும் அழைத்துப் போனாள். அம்சா உள்ளே நுழைந்ததும் தறியில் நீளவாக்கில் ஓடியிருந்த பாவு நூல் முழுக்க எதிர்ச்சுவர் பக்கம் வளைந்தது. கலியாணசுந்தரம் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு வேப்பங்கொட்ட இடிக்குதா?”

“ஆமா. அதுக்கின்னா?”

“பட்டு எங்கேர்ந்து வந்தது? புழுகிட்டேர்ந்து. நூலா ஆனாலும் அதுக்கு ஞாபகம் இருக்குது. பொண்ண வாசல்ல நிக்கச் சொல்லு, பாவு அறுந்துரும்.”

கங்கையம்மாள் விடவில்லை. தை மாசக் கல்யாணம்வரை அம்சா கொட்டையைத் தொடக்கூடாது, வரப்பேறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பயத்தமாவு, சீயக்காய், வெல்லத் தண்ணீர் என்று தேய்த்துக் குளிக்கவைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கங்கையம்மாள் ஒரு துண்டுப் பட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி வந்து அம்சாவின் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள். புரட்டாசியில் துண்டு எகிறிக் குதித்தது. ஐப்பசியில் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் நின்றது. கார்த்திகை பிறந்ததும் பூனைக்குட்டிபோல மணிக்கட்டிலேயே படுத்துத் தூங்கியது. அன்று தாமல் போகிற பஸ்ஸில் கங்கையம்மாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

இறங்கி நிலத்தைப் பார்த்தாள். அவர்களுக்கு இருந்த ஒரே துண்டு நிலம், ஐ.ஆர்.எட்டு நெல் போட்டிருந்தது, நடுவில் வட்டம் வட்டமாகத் தீய்ந்திருந்தது. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி. பழனி கடையில் டின் மருந்து வாங்கிவந்து அடித்தான். புகையானைத் தின்கிற வரப்போரச் சிலந்திகள் செத்து மிதந்தன, புகையான் இரட்டிப்பானது. மறுபடி அடித்தான். அதற்கும் மறுபடி அடித்த அன்று வரப்பிலேயே வாந்தியெடுத்து விழுந்தான். புகையானுக்குத் தலைசுற்றல்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்தார்கள். கட்டிலில் கிடந்தபடி அவன், “எழுந்ததும் இன்னொரு டின்னு அடிக்கணும்மா,” என்றான். கங்கையம்மாள் வெளியே வந்து திருப்பருத்திக்குன்றத்துக்குப் பஸ் ஏறினாள்.

“அம்சா, வூட்ல கொட்ட இருக்குதாம்மா?”

“இருக்குது அத்தே. நீங்கதான தொடக்கூடாதுன்னீங்க.”

“தொடு.”

அம்சா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். “திரும்பவும் கசந்துடும். அப்பறம் போவாது.”

“போவ வேணாம். நானு காடாவ கட்டிக்கினுதான் புள்ள பெத்தேன்.”

“தாலி ஏறறதுக்கு முன்னாடி மாப்ள வூட்டு வரப்புல கால் வெச்சா ஊர் சிரிக்குமே அத்தே.”

“சிரிக்கட்டும். வூட்டுக்கு வெளக்கேத்த தையில வா. இப்ப வெள்ளாமைய காப்பாத்த வா.”

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த பட்டுத் துண்டை எடுத்துக் கூரை இடுக்கில் செருகினாள். அம்சா உலக்கையை எடுத்தாள். முழங்கைவரை கசப்பு ஏறியதும் தாமலுக்கு வந்து, நிலத்தைச் சுற்றி ஈரக் காலோடு நடந்தாள். தூர்களிலிருந்து புகையான் பழுப்பாக எழும்பியது, மேகம்போல ஏரிமேல் சற்று நின்றது, பிறகு மேற்கே போனது. ஒன்றும் சாகவில்லை. தீய்ந்தது போக மிச்சப் பயிர் கதிர் விட்டது. அந்த வருஷம் தாமலில் மூட்டை என்ன விலை போனதோ அதே விலைதான் அந்த நெல்லும் போனது.

தையில் கல்யாணம். தட்டில் வைத்த அரக்குப் புடவை பெண் வந்து உட்கார்ந்ததும் இறங்கிச் சமையல்கட்டுக்குப் போய்விட்டது. அம்சா மஞ்சள் நூல் புடவையில் இருந்தாள். பட்டு கட்டி வந்திருந்த பெண்களின் முந்தானைகளெல்லாம் காற்றில்லாமலே வெளிப்பக்கம் இழுத்தன. மணையைச் சுற்றித் தானாக இடம் விட்டது, போட்டோ எடுக்க வந்தவருக்கு வசதியாகப் போனது. கலியாணசுந்தரம் சமையல்கட்டிலிருந்து புடவையைத் தூக்கிவந்து கங்கையம்மாளிடம் நீட்டினார்.

“நெய்ஞ்ச பொடவய யாராச்சும் கட்டணும். நீ கட்டு.”

“இந்த வயசுலயா?”

“பட்டுக்கு வயசு தெரியாது. வேம்புதான் தெரியும்.”

கட்டினாள். அது அவள் உடம்பில் நன்றாகவே நின்றது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மாமியாரும் மருமகளும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவார்கள், ஒருத்தி பட்டில், ஒருத்தி நூலில், நடுவில் ஒரு முழம் விட்டு. அதற்குமேல் புடவை நெருங்கவிடாது. தெருவில் எதிரே வருகிறவர்கள் அந்த அகலத்துக்கு ஒதுங்கிப் பழகிவிட்டார்கள். சில வருஷத்தில் பேத்தி நடக்கப் பழகியதும் அந்த ஒரு முழத்தில் நடந்தாள். ஒரு கையால் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அம்மாவின் விரலை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே போவாள்.