சுழி இல்லாத எழுத்து

...சுழியை எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது அன்றைக்கு எவ்வளவு பெரிய கெட்டிக்காரத்தனமாக இருந்தது, வட்டம், கோடு, கால் வட்டம், இந்த மூன்றை வைத்துக்கொண்டே தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம், ஒரு கோடு தடிப்பது இன்னொன்று மெலிவது என்கிற பேச்சே கிடையாது, வரப்போகிற காலத்தின் எழுத்து... எழுத்துரு வரையும் பெங்களூரு ஆபீசில், கூட வேலை செய்யும் வசந்த் திரையைப் பார்த்துவிட்டு, "ராக்கெட்ல எழுதி ஒட்டலாம் பிரிசில்லா" என்றான். ராக்கெட்டில் யாரும் ஒட்டவில்லை, மின்சார ஸ்கூட்டர் மீட்டரில் ஏறியது, ஷூ டப்பாவில் ஏறியது, ஏதோ விளையாட்டு ஆப்பில் ஏறியது, இப்போது ஆம்பூரில், மத்தியான வெயில் விழும் கட்டிலில், அம்மாவின் மடியில் அட்டை அட்டையாகக் கிடக்கிறது. அம்மா ஒரு சொல் அட்டையை எடுத்தாள், மீன் படத்தைப் பார்த்தாள், கண் படத்தைப் பார்த்தாள், எதன் பக்கத்திலும் வைக்காமல் போர்வை மேலேயே போட்டுவிட்டாள். "இன்னா?" என்றாள். பக்கவாதம் மிச்சம் வைத்தது அந்த ஒரு சொல்லைத்தான், தண்ணீருக்கும் இன்னா, வலிக்கும் இன்னா, மகளுக்கும் இன்னா. பேச்சு போனாலும் படிப்பு மிஞ்சியிருக்கலாம், ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பெரிதாக எழுதிக் காட்டு என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள், படித்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மெல்ல மீட்கலாமாம், படிக்காவிட்டால்... அதை டாக்டரம்மா சொல்லவில்லை, குனிந்து மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

படிக்கவில்லை. ஒரு நாளும் படிக்கவில்லை. "இது இன்னாம்மா? நல்லா பாரு. நீ தினம் ஆக்குவியே..." என்று கெஞ்சி, அதட்டி, பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுது, முகம் கழுவி வந்து அடுத்த அட்டை. அம்மா இடதுகை விரலை எழுத்தின் தொடக்கத்தில் வைப்பாள், அங்கேயே வட்டமாகச் சுற்றுவாள், மறுபடி சுற்றுவாள், விரலை எடுத்துத் தலையை ஆட்டுவாள். அந்தக் கையில் இருந்த நிதானம் எங்கே, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஷினில் ஒரு தையல் பிசகாமல் ஓட்டிய கை, இன்று ஒரு சொல்லின் மேல் ஈ மாதிரி சுற்றுகிறது. இப்படி நினைக்கலாமா, பெற்றவளைப் பற்றி? பிரிசில்லா நினைத்தாள். அலுப்பாகவும் இருந்தது, அலுப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் பயம், அம்மா உள்ளே இல்லையோ, காலி வீட்டின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோமோ...

ஆட்டுக்கால் சூப்போடு முனவ்வர் பேகம் வந்தாள், பக்கத்து வீடு, அம்மாவோடு அதே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள். சூப்பை வைத்துவிட்டு அட்டைகளைக் கிளறினாள். "இன்னா பிரிசில்லா, ஷூ டப்பாவ வெட்டி உங்கம்மாவுக்கு வெளையாட்டு காட்டுறியா?" அவள் எடுத்தது கண் அட்டை, தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். "க போட்டிருக்கு, சரி. பக்கத்துல இன்னாது, ரெண்டு சுழியா மூணு சுழியா?"

"மூணு சுழி ஆன்ட்டி. கண்."

"ஒரு சுழியும் காணோமே!" என்று சிரித்தாள், "எனக்கு இப்ப பார்வ ரொம்ப கம்மி" என்று தன் கண்ணையே குறை சொல்லிக்கொண்டு, அம்மாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

பிரிசில்லா கண் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சுழி... அந்த விரல் தேடியது அதைத்தானா? இரண்டா மூன்றா என்று எண்ணப் பார்த்து, எண்ண ஒன்றுமில்லாமல், இல்லை என்று தலையாட்டினாளா, அதையா மூளை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்? வசந்த்கூடக் கேட்டானே, ரெண்டு சுழி னவும் மூணு சுழி ணவும் ஒண்ணு மாதிரி தெரியுதே என்று, படிக்கிறவங்க மூளை தானா நிரப்பிக்கும் என்று சொன்னது இந்த வாய்தானே. நிரப்பிக்கொள்ள முடியாத தலையின் முன்னால் கொண்டுவந்து வைத்தேனே, என் எழுத்து என்ற பெருமையில், பெரிதாக, சுத்தமாக... பாவி. ஆனால் அழுகையோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் பொங்கியது, அப்படியானால் அம்மா இருக்கிறாள், கோளாறு எழுத்தில்தான், அம்மாவிடம் இல்லை. அலமாரிக்கு ஓடினாள். கண் மங்கிய பிறகு அம்மா வாங்கிய பெரிய எழுத்துப் பைபிள், காலை தவறாமல் வாய்விட்டுப் படித்தது, அதில் ஒவ்வொரு எழுத்தும் அதனதன் சுழியோடு இருக்கும். எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். அம்மா பார்த்தாள், இடதுகையை நீட்டினாள். கொடுக்க வேண்டியதுதானே? கொடு, திறந்து கொடு, ஏன் கை வரவில்லை... இதையும் அவள் படிக்காவிட்டால்? விரல் சுழியைக் கண்டுபிடித்து, எண்ணி முடித்து, அப்புறமும் தலையை ஆட்டினால், அப்போது யார் மேல் பழி போடுவது? என் எழுத்து கெட்டது என்றிருக்கிற வரைக்கும்தான் அம்மா எனக்கு உண்டு. பிரிசில்லா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சூப்பு ஆறிடும்மா, மொதல்ல குடிச்சுடு, அப்புறமா பாக்கலாம்" என்றாள். அம்மா சூப்பைப் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.