இறங்கி நடக்காத வளைவு

"தலைய மெதுவா விடுங்க, கதவுல இடிச்சிரும்," என்றார் கருப்பண்ணன் மாமா.

அம்பாசிடரின் பின் இருக்கையில் சுமித்ரா முதலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணி சுற்றிய அம்மாவின் தலை அவள் மடிக்கு வந்து சேர்ந்தது. எதிர்ப்பக்கக் கதவருகில் நின்று கால்களை மடக்கி வைத்தவர் அப்பா. அவர் நகக்கண்களில் கிரீஸ் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். அவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி வண்டியே மலைக்கு வருதாம் மச்சான். இது பாதியில நின்னுக்கிட்டா அக்காவ வெச்சுக்கிட்டு ரோட்டுலயா உக்காந்திருக்கறது?"

"நிக்காது மாப்ள," என்றார் அப்பா செல்லமுத்து.

வண்டி நாமக்கல்லைத் தாண்டியது. சுமித்ரா காலையிலிருந்தே அப்பாவிடம் பேசவில்லை.

சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு அம்மா ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு மலையிறங்கினாள். இறங்குவதில் சிரமமில்லை. ஏறுவதுதான் பாடு. அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அப்பாவின் பழைய டீசல் அம்பாசிடர் செங்குத்தான வளைவுகளில் ஆளோடு ஏறாது. எல்லோரும் இறங்கி வளைவை நடந்து கடக்க, வெறும் வண்டி முக்கி முனகி மேலே போய் நிற்கும். ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வாடிய கீரைத்தண்டு போல வருகிற அம்மாவும் இறங்கித்தான் நடப்பாள். மாசி மாதத்தில் ஒருநாள், நாற்பத்தெட்டாவது வளைவில் நடக்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வண்டிக்கும் என்னாட்டமே மூச்சு வாங்குதுங்க," என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே சேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து என்ஜினுக்குள் காற்றை ஊதி இழுவையைக் கூட்டுகிற டர்போ ஒன்றை வாங்கி வந்தார். விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு வேனில் இருந்தது. நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும். அதற்கு நத்தை என்றே அம்மா பெயர் வைத்தாள்.

கடைசியாக அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பது நாளும் அப்பா காலையில் வந்து எட்டிப் பார்ப்பார். பிறகு அடிவாரத்தில் மெக்கானிக் தனபாலின் பட்டறைக்குப் போய்விடுவார். குழாயை வெட்டிப் பற்றவைப்பது, எண்ணெய் லைன் இழுப்பது, கசிவு பார்ப்பது. மறுபடி அவிழ்ப்பது. வீடு திரும்பும்போது அவள் ஒரு வளைவிலும் இறங்கக் கூடாது என்பது ஒன்றே அவர் கணக்கு. அவள் திரும்பமாட்டாள் என்பதை டாக்டர் நாசூக்காகச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

இன்று விடிந்ததும் அம்மா மூன்று தடவை கேட்டாள். "அப்பா வந்துட்டாங்களா கண்ணு?"

அப்பாவின் போன், பட்டறை ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா போய் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தார். வாசலிலேயே, முகமெல்லாம் சிரிப்பாக, "நத்தை ஊதிருச்சு கண்ணு. இனி உங்கம்மா எறங்க வேண்டியதில்ல," என்றார்.

காரவள்ளிக்கு வந்ததும் அப்பா குழாய்களைத் தொட்டுப் பார்க்க வண்டியை நிறுத்தினார். பஸ்ஸைத் தவறவிட்ட ஓர் அம்மாள் கையில் காலிச் சாக்குகளோடு ஜன்னலருகே வந்தாள்.

"ஏனுங்க, திருப்புலி நாட்டு முக்குல எறக்கி விடறீங்களா?" உள்ளே பார்த்ததும் பேச்சு நின்றது.

"துக்க வண்டிங்க," என்றார் மாமா.

அவள் போகவில்லை. "காலு சரியுதே சாமி. இத்தன வளைவுல யாரு புடிச்சுக்குவாங்க?" சாக்குகளைக் கீழே போட்டுவிட்டு மறுபக்கம் வந்து ஏறி, அம்மாவின் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எம் பேரு ராமாயி," என்று சுமித்ராவிடம் சொன்னாள். பிறகு மெல்லிய குரலில் மலைச்சாமி அறப்பளீஸ்வரரைக் கூப்பிட்டாள்.

வண்டி ஏறத் தொடங்கியது. பானட்டுக்குள்ளிருந்து நத்தையின் மெல்லிய விசில் சத்தம் வந்தது. பத்து, இருபது, முப்பது என்று வளைவுகள் கீழே போயின. நாற்பத்தெட்டாவது வளைவு வந்தபோது, மாமாவின் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போனது.

"எறங்க வேண்டாம் மாப்ள," என்றார் அப்பா.

விசில் உச்சத்துக்குப் போனது. உள்ளே ஐந்து பேர் இருந்தும், யாருமே இல்லாத வண்டி போல அம்பாசிடர் வளைவைச் சுற்றி ஏறியது. மாமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் பின் இருக்கைக்கு ஒருமுறை வந்தன. அம்மாவின் அந்தச் சிரிப்பைத் தேடி வந்தவை போல இருந்தன. உடனே ரோட்டுக்குத் திரும்பின.

திருப்புலி நாட்டு முக்கு கடந்து போனது.

"அம்மா, உங்க ஊரு," என்று ராமாயியிடம் சொன்னாள் சுமித்ரா.

"போவட்டும் கண்ணு. இவங்கள ஊடு சேத்திட்டுப் போறேன்."

எடப்புளி நாட்டில் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் பெண்களின் அழுகை எழுந்தது. நாலைந்து பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா இறங்கி, ராமாயி பக்கத்துக் கதவைத் திறந்தார். அப்பா மட்டும் என்ஜினை நிறுத்தவில்லை.

"ஆப் பண்ணுங்க மச்சான், எறக்கலாம்."

"ரெண்டு நிமிஷம். ஏறி வந்த சூட்டோட ஒடனே நிறுத்துனா நத்தைக்குள்ள எண்ணெ கருகிப் போயிரும். சும்மா ஓடி ஆறணும்."

"இப்ப அது கருகுனா என்ன, பொழச்சா என்ன?"

அப்பாவின் கை சாவியில் இருந்தது.

என்ஜினின் அதிர்வு இருக்கை வழியாக ஏறி வந்தது. துணிக்கு வெளியே கிடந்த அம்மாவின் கையில் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொண்டன. அடுப்படியில் எதையோ கிளறிக்கொண்டிருப்பவள் கையில் கேட்கிற சத்தம். சுமித்ரா குனிந்து கேட்டாள். முன்னால் அப்பாவும் தலையைச் சற்றே சாய்த்திருப்பதைக் கண்டாள்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்பாவின் விரல்கள் சாவியை இறுகப் பிடித்தன.

"அப்பா."

அவர் திரும்பவில்லை. கை அப்படியே நின்றது.

"இன்னுங் கொஞ்சம் ஓடட்டுங்கப்பா."

செல்லமுத்து சாவியிலிருந்து கையை எடுத்தார். வெளியே கட்டிலோடு வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். ராமாயி, மடியிலிருந்த பாதங்களை விடாமல், ஒரு கையை நீட்டி, சத்தம் வராமல் கதவை இழுத்துச் சாத்தினாள்.