எதிர்வரிசைக்குப் போன புள்ளி

போன் மேப்பில் அந்தப் பாழாய்ப்போன நீலப் புள்ளி மூன்றாவது முறையும் எதிர்வரிசை வீட்டின்மேல் போய் உட்கார்ந்தது. கலைமகளுக்கு அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து அவள் ஏறி இறங்கிய பதினெட்டாவது வீடு இது.

முத்தியால்பேட்டையின் வடக்குக் கோடியில் இருந்த அந்தத் தெருவில் இந்த வரிசை புதுச்சேரி, எதிர்வரிசை தமிழ்நாடு. நடுவே இருபதடிச் சிமெண்டுச் சாலை. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் உயிரோடுதான், இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று வீட்டுக்கே போய்ப் படமெடுத்து அனுப்புவது கலைமகளின் வேலை. இன்று கடைசி நாள். தவறினால் இந்த வீட்டு ஜானகிராமன் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். மில்லில் நின்று நின்றே கால் போன மனுஷர், இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறார்.

"இன்னாம்மா சொல்லுது?" என்றார் அவர் மனைவி கமலவேணி.

"ஐயா தமிழ்நாட்டுல இருக்காராம்."

"ஒன்னுக்குப் போவவே ரெண்டு ஆள் புடிக்கணும். அங்க எப்படிப் போனாராம்?"

மேலே தகரக்கூரை, இரண்டு பக்கமும் மாடிவீடுகள். செயற்கைக்கோள் சிக்னல் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு வந்தால் போன் நாற்பது மீட்டர் தள்ளித்தான் காட்டும். வேறு ஊரில் இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இங்கே மாநிலமே மாறிவிடுகிறது. ஆபீசில் சொன்னால், "மேப் பொய் சொல்லுமா?" என்று இவளையே முறைக்கிறார்கள்.

"வானம் தெரியணும்மா. ஐயாவ வெளிய தூக்கிப் பார்ப்போம்."

எதிர்வீட்டுச் செம்மல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். மூன்று பேருமாக மூச்சு வாங்கிக்கொண்டு நைலான் கட்டிலைத் தெருவில் இறக்கினார்கள்.

ஜானகிராமன் சாயங்கால வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கடல்காற்று அவர் நரைமுடியைக் கலைத்தது.

புள்ளியைச் சுற்றியிருந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. நாற்பது மீட்டர், பதினைந்து, ஆறு. புள்ளி இந்த வரிசைக்கு வந்ததும் கலைமகள் படமெடுத்து அனுப்பினாள். பச்சை டிக் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது. இன்னும் நாலு வீடு பாக்கி, போனில் சார்ஜ் பதினாலு.

"ஆயிடுச்சாம்மா?" என்றார் ஜானகிராமன், வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உள்ள போயிடணுமா?"

கலைமகள் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் சிக்னல் வரல ஐயா" என்றாள்.