மாமனார் என்கிற எக்ஸ்

கால்நடை மருத்துவப் பள்ளியில் சேர மாமனார் எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுத்திருந்தார். கணக்குத் தேர்வில் தேறினால் நாரின் நகரத்தில் படிப்பு. தேறாவிட்டால் பேசாமல் திரும்பிவந்து குதிரைப்பால் கறக்கணும். மனுஷர் சொன்னால் சொன்னதுதான். அவர் பேரா? அதை மட்டும் கேட்காதீங்க. எங்க கிர்கிஸ் வீடுகளில் மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், என் வாயில் அது வந்ததே இல்லை.

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நாத்தனார் பெர்மெத். கூட்டல் கழித்தலில் பயமில்லை. வடிவியலும் பரவாயில்லை, கூடாரத்துக்குக் கம்பளம் வெட்டி வெட்டி வட்டமெல்லாம் அத்துப்படி. இயற்கணிதம்தான் உயிரை வாங்கியது. எண்களுக்கு நடுவே இந்த எக்ஸுக்கு என்ன வேலை என்று தினமும் அவளோடு மல்லுக்கு நின்றேன்.

கடைசியில் அவள் பொறுமை போய்விட்டது. "அண்ணி, எங்கப்பாவை 'பெரியவர்'னுதானே சொல்றீங்க? பேரைச் சொல்லாமலே அவரைப் பத்தி ஊர்க்கதை அத்தனையும் பேசிடுறீங்கல்ல? எக்ஸும் அப்படித்தான்."

அட, இவ்வளவுதானா! அதற்கப்புறம் எந்தக் கணக்கையும் நான் விட்டுவைக்கவில்லை.

தேர்வில், மேஜைமேல் கவிழ்த்துவைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, உரக்க வாசித்துவிட்டு, பலகையில் போட்டுக்காட்டணும். என் சீட்டைப் புரட்டியதும் பகீரென்றது. இன்னாரிடம் தம்பியைவிட மூன்று மடங்கு ஆடுகள், இருவரிடமும் சேர்த்து நாற்பத்தெட்டு, இன்னாரிடம் எத்தனை? அந்த இன்னாருக்கு அச்சு அசலாக என் மாமனார் பேர்!

"எக்ஸிடம்..." என்று ஆரம்பித்தேன். தேர்வு நடத்தியவள் தமாரா பாவ்லோவ்னா என்ற ரஷ்யக்காரி. சீட்டில் இருப்பதை வாசி என்றாள். "பெரியவரிடம்..." என்றேன்.

"உனக்கு வாசிக்கவே தெரியாதா?" என்று பேனாவை எடுத்தாள். என் படிப்பு அந்தப் பேனா முனையில் நின்றது, அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவள் சீட்டைப் பிடுங்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல அந்தப் பேரை இரண்டு தடவை கத்தினாள்.

கதவு திறந்தது. எனக்குத் துணையாக வந்து வெளியே காத்திருந்த மாமனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்து, கூப்பிட்டீங்களா என்று கேட்டார்.

விஷயத்தை அவரே அவளுக்கு விளக்கினார். தமாராவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விதி விதிதானாம். சீட்டை முழுசாக வாசிக்காவிட்டால் மதிப்பெண் கிடையாது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "சொல்லிடும்மா. நான் கேக்கமாட்டேன்" என்று இரண்டு காதுகளையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"என்னம்மா?" என்றார் மாமனார்.

எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? "உங்ககிட்ட முப்பத்தாறு ஆடு இருக்கு மாமா" என்றேன்.