நோன்பு அம்மணியின் கால்கள்

மாவு இரண்டு கிண்ணம், உப்பு ஒரு கிண்ணம், தண்ணீர் கை கேட்கிற அளவு. ஈஸ்டர் நோன்பு தொடங்கும் சுத்தத் திங்கள் காலையில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பட்டத்தோடு கடற்கரைக்குப் போயிருக்க, மார்க்கெல்லா ஐந்து வயது மகளோடு சமையலறையில் நோன்பு அம்மணி என்கிற மாவுப் பொம்மையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பாவாடை, மார்பில் குறுக்கே கட்டிய கை, தலையில் சிலுவை, கண்ணுக்கு இரண்டு கிராம்பு. நோன்பிருக்கிறவளுக்கு வாய் எதற்கு, அதனால் வாய் கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் வாரத்துக்கு ஒன்றாக உடைக்க ஏழு கால்.

"அம்மா, எட்டு இருக்கு" என்றாள் லெமோனியா.

மார்க்கெல்லா எண்ணிப் பார்த்தாள். எட்டுதான். எட்டாவதை எப்போது உருட்டினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா ஒரு வாரம் லேட்டாயிடுவாரு." லெமோனியா கடைசிக் காலைப் பிய்த்து வாயில் போட்டு, உப்புக் கரித்ததும் துப்பினாள்.

அவள் கணவன், மாலுமி இசிதோரோஸ், கிளம்பும்போது மகளிடம் ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். போன வியாழக்கிழமை பிரேயஸ் துறைமுகத்திலிருந்து போன் செய்தான். அங்கே ஒருத்தியோடு இருக்கிறானாம், இனி வரமாட்டானாம், பாப்பாவிடம் நீயே சொல்லிவிடு என்றான். வைக்கும்போது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று வேறு. புண்ணியவான். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அன்றைக்குப் பருப்பு வேகவைத்தாள், துணி காயப்போட்டாள்.

முதல் சனிக்கிழமை ஒரு கால் போனது. அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. அன்றைக்கு இசிதோரோஸின் அக்கா கலியோப்பி வந்தாள். லெமோனியாவுக்கு ஞானத்தாயும் அவள்தான். ஞானத்தாய் முறைக்கு ஈஸ்டர் மெழுகுவர்த்தியும் சிவப்பு ஷூவும் வாங்கி வந்திருந்தாள்.

"எத்தனை நாளைக்குடி மூடி வைப்ப? என் தம்பி மூஞ்சியில முழிக்க எனக்கே பிடிக்கல. ஆனா குழந்தைகிட்ட சொல்லித்தானே ஆகணும்?"

"கால் இருக்கே அண்ணி. எல்லாம் உடையட்டும், சொல்றேன்."

"நீ கல்லாயிட்ட."

"ஆமா அண்ணி" என்றாள் மார்க்கெல்லா. காபிக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்டாள். இருபது வருஷமாகக் கலியோப்பிக்குக் காபி போடுகிறவள் அவள்.

மூன்றாம் சனிக்கிழமை ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசற்படியில் லெமோனியா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுன், ஈஸ்டர் வரை தொடக்கூடாத சிவப்பு ஷூ, இடவலம் மாறிப் போட்டிருந்தாள். உள்ளே மேசையில் நோன்பு அம்மணி மல்லாந்து கிடந்தாள். மிச்சமிருந்த ஐந்து காலும் பக்கத்தில் வரிசையாக இருந்தன.

"எல்லாத்தையும் உடைச்சிட்டேன். கப்பல் தெரியுதாம்மா?"

மார்க்கெல்லா உள்ளே போனாள். ஒரு காலை எடுத்து, எச்சில் தொட்டு, பாவாடைக்குக் கீழே வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் விழுந்தது. மறுபடி வைத்தாள். விழுந்தது. வெளியே வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். வலது காலிலிருந்த இடது ஷூவின் வார் இறுகியிருந்தது.

"அப்பா வரமாட்டாரு கண்ணு" என்றாள். அவள் குரலே அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போலிருந்தது. "ஈஸ்டருக்கும் வரமாட்டாரு. அவரு இனிமே வேற வீட்டுல இருப்பாரு."

லெமோனியா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒற்றை ஷூவோடு எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மாவு டப்பாவைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"அப்போ இன்னும் எத்தனை கால் செய்யணும்மா?"

டப்பாவின் மூடி அவள் விரலுக்குத் திறக்கவில்லை. அம்மாவிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.