ஐந்தாவது பாஸ்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர், கணக்கு சார். விளையாட்டு ஆசிரியர் வேலையை விட்டுப் போனதும் காலியான நாற்காலியில் இவரை உட்கார வைத்தார்கள். பந்தைக் கையால் தொட்டவர் இல்லை. ஆனால் எங்கோ ஒரு புள்ளிவிவரம் படித்துவிட்டார். அதிகமாகப் பாஸ் செய்கிற அணிதான் அதிகமாக ஜெயிக்கிறதாம். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம்: ஐந்து பாஸ் முடியாமல் யாரும் கூடையைப் பார்த்துப் பந்தை எறியக் கூடாது. கணக்குத் தப்பாமல் இருக்க எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும்.

இந்த மேதாவித்தனத்தின் புண்ணியத்தில் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றோம். ஏழாவதும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு, கோர்ட்டை ஆசிரியர்களின் கார் நிறுத்த விட்டுவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். மற்ற பெண்களுக்குப் பாட்டு, நாடகம், காதல் என்று ஏதேதோ இருந்தது. எனக்கு அந்தக் கோர்ட் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எதற்காகக் காலையில் எழுந்து கல்லூரிக்கு வருவது என்று உண்மையாகவே பயந்தேன். கேப்டனும் நான்தான்.

ஏழாவது ஆட்டத்துக்கு முதல்வர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எதிரணியும் ஒன்றும் சூரப்புலிகள் இல்லை. ஆனால் அவர்களுக்குக் காது இருந்தது. நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி எண்ணுவதைப் பத்து நிமிடம் கேட்டார்கள். அதற்கப்புறம் "நாலு" வரைக்கும் இடுப்பில் கைவைத்து இளைப்பாறினார்கள். "அஞ்சு" என்றதும், பந்து யார் கையில் இருக்கிறதோ அவளை மொத்தப் பேரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நெருக்கடியில் எறிகிற பந்து எங்கே போகும்? பலகையில் பட்டது, வளையத்தில் பட்டது, ஒருமுறை நடுவரின் முதுகிலும் பட்டது. குறி என்று பார்த்தால் அன்றைக்கு அதுதான் எங்களுடைய நல்ல ஷாட்.

இடைவேளையில் சாரிடம் போனேன்.

"சார், நாம எண்ணுறது அவங்களுக்கும் கேக்குது."

"கேக்கட்டும்மா. அவங்களும் கத்துக்கட்டும்."

"கத்துக்கிட்டாங்க சார். அதான் பிரச்சினையே."

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "அப்ப மனசுக்குள்ள எண்ணுங்க" என்றார்.

ஐந்து பேர் மனசுக்குள் ஐந்து கணக்கு ஓடியது. எங்கள் அணியில் நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவளின் கணக்கில் மூன்று பாஸ் ஆகியிருக்கும்போது கண்ணாடிக்காரியின் கணக்கில் ஆறு ஆகியிருக்கும். ஆட்ட நடுவிலேயே இருவரும் சண்டை போட்டார்கள். மொத்தம் நாற்பத்தாறு முறை எறிந்து, எட்டு முறை உள்ளே போட்டோம். அப்படியும் பதினாறுக்குப் பதினேழு, ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். எதிரணியின் திறமையை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு விநாடி பாக்கி. பந்து எங்களிடம். பதற்றத்தில் எல்லோருக்கும் பழைய பழக்கம் வந்து, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தோம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நெட்டை எனக்கு வீசினாள். நாலு.

கூடைக்கு நேர்கீழே நின்றிருந்தேன். என்னைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. நாலில் எறிய மாட்டோம் என்று எதிரணிக்குத் தெரியும், அதனால் ஒருத்தியும் என் பக்கம் வரவில்லை. எழும்பி மெதுவாக வைத்தால் போதும், ஜெயித்துவிடலாம்.

பந்தைக் கண்ணாடிக்காரிக்குப் பாஸ் செய்தேன். நானே போட்டுவிடுவேன் என்று நினைத்து அவள் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து அவள் தோளில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது. அதோடு நேரமும் முடிந்து, கடைசி விசில் ஊதிவிட்டார்கள்.

மாதக்கணக்காக சாரைக் கிண்டல் செய்த வாய் என்னுடையது. கை மட்டும் அவர் பேச்சைக் கேட்டுவிட்டது.

சார் மெல்ல என் பக்கத்தில் வந்தார். "அங்க யாருமே இல்லையேம்மா. ஏன் போடல?"

"நாலுதானே சார் ஆச்சு."

அவர் விரல்களை மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

அதற்குள் முதல்வர் கோர்ட்டுக்குள் இறங்கி, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரைக்கும் அடிமேல் அடிவைத்து நீளத்தை அளந்துகொண்டு வந்தார். குறுக்கே நான் நின்றிருந்தேன். நகர்ந்து வழிவிட்டேன்.