குரலைத் திறந்த பச்சை ஜன்னல்

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரின் மிளகு விவசாயிகள் சங்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குள் நுழைகிற பெயரும் ஒன்றுதான்: சங்கத் தலைவி பொன்னம்மாள். தலைவி இருக்கும்போது தங்கள் பெயரை முன்னால் போட்டுக்கொள்ள அங்கே வேலை பார்த்த இருவருக்கும் கூச்சம். மலைக்காரி அருணா உட்கார்ந்தாலும் பொன்னம்மாள், அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வரும் அப்சர் உட்கார்ந்தாலும் பொன்னம்மாள். மரியாதை என்றுதான் நினைத்தார்கள், பாவம்.

மலையில் யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள். போனில் பேசி அனுப்புவார்கள். மிளகு காய்ந்துவிட்டது, வண்டி அனுப்புங்கள் என்று வரும் அந்தக் குரல்களைக் கம்ப்யூட்டரில் சேமித்து, கேட்டு, வேன் போகும் ஊரை அப்சர் குறிப்பான். கொஞ்ச நாளாக வேனுக்கு முன்னால் ஏதோ ஒரு ஜீப் போய் நின்றது.

குண்டனி நாட்டு அப்பாசாமி நேரிலேயே வந்து தலையைச் சொறிந்தார். "நம்ம சங்கத்து ஜீப்புன்னு நெனச்சு மொளகைப் போட்டுட்டேனுங்க. ஊட்டு வாசலுக்கே வந்து, 'மொளகு காஞ்சிருச்சாமே'ன்னு கேட்டானுங்க. சங்கத்துக்குத் தவிர நான் யார்கிட்டயும் சொல்லலீங்களே!"

அருணாவுக்கு அந்தக் கடைசிப் பேச்சு முள்ளாய்க் குத்தியது. அப்சரின் மாமா அமீர் பாஷாவுக்கு அடிவாரத்தில் மிளகு மண்டி. வேறென்ன வேண்டும்?

மறுநாள் அப்சரின் பஸ் பிந்தியது. அருணாவே ஒரு குரலை அழுத்தினாள். எப்போதும் திறக்கும் பாட்டுச் செயலி வரவில்லை. அவள் பார்த்தேயிராத பச்சை ஜன்னல் ஒன்று திறந்து, அதற்குள்ளிருந்து பெரக்கரை நாட்டு அத்தாயி பேசினாள்.

வீடியோ பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் நிரல் எழுதக் கற்றிருந்தாள் அவள். சில வரிகள் எழுதிக் கம்ப்யூட்டரையே கேட்டாள்: இந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்கிறது? பழைய பாட்டுச் செயலிதான் என்றது. கண்ணெதிரே பச்சை ஜன்னல் இருக்கிறது, மெஷின் இல்லையென்கிறது. மறைக்கத் தெரிந்தவன் எவனோ மறைத்திருக்கிறான். அப்சர் சிரித்தபடி உள்ளே வந்து, "டீ சொல்லட்டுமாக்கா?" என்றபோது அவள் முகம் கொடுக்கவில்லை.

மத்தியானம் பொன்னம்மாள் முன்னால் சங்கக் கூட்டம். அப்சரை வேலையை விட்டு நிறுத்துவதா என்பதுதான் பேச்சு.

"எதுக்குக்கா சுத்தி வளைக்கிறீங்க? எங்க மாமுவுக்கு மண்டி இருக்குது, அதனால நான் திருடன். அப்படித்தானே?" என்றான் அப்சர்.

"அந்தப் பச்சை ஜன்னல் தெரியுமா, தெரியாதா?" என்றாள் அருணா.

"தெரியும். போன வாரமே பார்த்தேன். நீங்க போட்டதுன்னு நெனச்சு, உங்களைத்தான் கவனிச்சுக்கிட்டிருந்தேன்."

அப்சர் திரையில் அருணா எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தான். "நீங்க மெஷினுக்குப் பொதுவா எந்தச் செயலின்னு கேட்டிருக்கீங்க. உள்ளே நுழைஞ்ச ஆளுக்குன்னு தனியா ஒரு பதில் இருக்கும். அதுதான் ஜெயிக்கும். அதைக் கேளுங்க."

இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும்? அந்தச் சந்தேகத்தோடேயே அவள் வரியை மாற்றினாள்.

"எல்லாரும் பார்க்கவே கேளு கண்ணு," என்றார் பொன்னம்மாள்.

பதில் வந்தது. பச்சைச் செயலி. தேர்ந்தெடுத்தவர்: பொன்னம்மாள். செயலி இருக்கும் இடம்: யுவராஜ் என்ற பெயரில் ஒரு கோப்புறை. அருணா அதைத் திறந்தாள். கேட்கிற ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நகல் யுவராஜின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

யுவராஜ், பொன்னம்மாளின் மருமகன். அடிவாரத்தில் ஒரு மிளகுத் தரகரிடம் வேலையில் இருக்கிறான். படித்துச் சொல்ல அருணாவுக்கு நா எழவில்லை. ஆனால் பொன்னம்மாளுக்குப் படிக்கத் தெரியும்.

"சத்தம் பத்தலை, சரி பண்ணிக் குடு சாமின்னு நான்தான் கூட்டியாந்து உக்கார வெச்சேன்," என்றார் மெதுவாக. "என் பேர்லயே பண்ணிட்டுப் போயிருக்கான்."

செருப்பை மாட்டிக்கொண்டார். "மகள் ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். நான் வர்றதுக்குள்ள என் பேரை இதுலேருந்து எடுத்துப் போடுங்க. அவங்கவங்க பேர்ல அவங்கவங்க நுழையுங்க."

கூட்டம் கலைந்தது. பச்சைச் செயலியை அருணா அழித்தாள். முதலில் அப்சர் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கி, நாற்காலியை அவனுக்கு விட்டாள். "தப்பா நெனச்சுட்டேன் தம்பி," என்றாள்.

"நானுந்தானேக்கா," என்றான் அவன்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டான். அருணா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.